குழாய் வளைகிற இடம்

பிப்ரவரி 3, திங்கள்

இல்லை, வீதியில் இழுத்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் மாறியது அவனுக்குத்தான்.

காலையில் பேரூராட்சி ஓவர்சீயர் வந்திருந்தார். கூட வந்த ஆள் எங்கள் வீதியின் தெற்கு ஓரமாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக் கோடு இழுத்தான். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இந்தக் கோட்டில்தான் வருமாம். இனி லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். போர்வெல் தண்ணீரில் வேகாத பருப்பு இனி வேகும்.

நவநீதன் மில்லுக்குப் புறப்பட்டு வண்டியைத் தெருவுக்குத் தள்ளினான். கோட்டைப் பார்த்தான். வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கோட்டோடு கொஞ்ச தூரம் நடந்து, எதிரே இருக்கும் காலி சைட்டின் வேலி வரை போனான். திரும்பி வந்தவன் டிபன் பாக்ஸை எடுக்காமலே போய்விட்டான்.

(நேரில் என் கணவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தப் பக்கங்களில் மட்டும் ‘அவன்’.)

எலுமிச்சை சாதத்தை மதியம் நானே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

விளம்பரப் பலகையில் எங்கள் இடத்துக்கு லட்சுமி கார்டன் என்று பெயர். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இன்னும் கிளுவங்காடுதான். கிளுவை வேலி போட்ட சோளக்காடாக இருந்ததாம். நாங்கள் குடிவந்தபோது எதிர்வரிசையில் ஒரு வீடும் இல்லை. இப்போது ஒரே ஒரு சைட்தான் காலி. பழைய வேலியும் அதன் முன்னால் மட்டும்தான் மிச்சம்.

இன்று லாரி வந்தது. குடங்களோடு நிற்கும்போது பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா, "பைப்பு வந்துட்டா நாமெல்லாம் எங்க நின்னுங் கண்ணு சண்ட போடறது?" என்று கேட்டாள். பனியன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். அவள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்தான் என் பகல் நேரத்துக் கடிகாரம்.

எழுதிவிடலாம். எழுதாமல் விட்டால் பெரிதாகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழையில், குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அழவில்லை. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். நவநீதனும் அவன் தாய்மாமாவும் ஒரு வெள்ளைத் துண்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெற்றவளிடம் இடத்தைச் சொல்வதில்லை; அவளும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. "கேக்காத சாமி. எடம் தெரிஞ்சா அது உன்னையே சுத்தி வரும், அடுத்தது தங்காது" என்று அம்மா தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

அதற்கு முந்தின வருடம் வரை கல்லூரியில் தத்துவம் சொல்லிக் கொடுத்தேன். கேள்விதான் தொடக்கம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். கேட்கவில்லை.

அவன் ஊரில், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில், கிணற்று மேட்டில் என்று நானாக மனதில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஓர் அரளிச் செடி. அதுவும் நான் மனதில் வைத்ததுதான்.

வீடு திரும்பியபோது அவன் என் கட்டிலை உள்ளறையிலிருந்து முன்னறை ஜன்னல் ஓரமாக மாற்றிப் போட்டிருந்தான். காற்று வரும் என்றான். வெயில்தான் வந்தது. திரை தைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பொங்கியண்ணன் வீடு வீடாக வந்துபோகிறார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் நகர் சங்கத்தின் தலைவர். வாஸ்து பார்க்காமல் ஆணிகூட அடிக்க மாட்டார்.

அவருடைய சிக்கல் இது. எங்கள் வரிசை வீடுகள் தெற்குப் பார்த்தவை. தண்ணீர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நிலத்தடித் தொட்டியை வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். குழாயோ முன்னால், வீதியில் வருகிறது. ஒவ்வொருவரும் வீட்டைச் சுற்றிப் பைப் இழுத்தாக வேண்டும். ஆகவே மெயின் லைனையே பின் சந்துக்கு மாற்ற வேண்டும் என்கிறார்.

எங்கள் தொட்டி மட்டும் முன்னால், தென்கிழக்கில் இருக்கிறது. கட்டும்போதே பொங்கியண்ணன் தடுத்தார். "தண்ணிக்குத் திசை தெரியாதுங்ணா, பள்ளந்தான் தெரியும்" என்று நவநீதன் சிரித்தான்.

குழந்தைக்குப் பிறகு, துக்கம் விசாரிக்க வந்த வாசலிலேயே அவர் சொன்னார், அக்கினி மூலையில் தண்ணீர் வைத்தால் பிள்ளை தங்காது என்று அன்றைக்கே சொன்னேனே என்று. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். நவநீதன் அவரை வெளியே விட்டுக் கேட்டைச் சாத்தினான். அதிலிருந்து பேச்சில்லை.

இன்றும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, உங்களுக்கு இதில் அக்கறை இருக்காது, உங்கள் தொட்டிதான் முன்னால் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிப்ரவரி 10, திங்கள்

வடகத்துக்கு மாவு கிளறினேன். அடிபிடித்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பிள்ளையார் கோயில் கொட்டகையில் சங்கக் கூட்டம். ஓவர்சீயரும் வந்திருந்தார். முன்வாசலா பின்சந்தா என்று பேச்சு. எதிர்வரிசைக்காரர்கள் வடக்குப் பார்த்தவர்கள், அவர்களுக்கு முன்வாசல்தான் ஈசானியம். கோட்டை மாற்றக் கூடாது என்றார்கள். ஒருவர் பொங்கியண்ணனைப் பார்த்து, உங்கள் வீட்டைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாமா என்று கேட்டார். சிரிப்பு.

நவநீதன் எழுந்தான். கூட்டத்தில் வாய் திறக்காதவன். முன்வாசலுக்குத்தான் பேசுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்.

"பொங்கியண்ணன் சொல்றதுதானுங்க சரி. லைன் பொறத்தாலதான் போகோணும். தண்ணி தப்பான மூலைல இருந்தா என்ன ஆகும்னு எங்க வீட்லயே பாத்தாச்சுல்ல."

பெண்கள் பக்கம் இருந்த எல்லாத் தலைகளும் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்தன. பொங்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

உப்பில்லாமல் ரசம் வைத்தேன். சாப்பிட்டான்.

பிப்ரவரி 20, வியாழன்

பொங்கியண்ணன் வீட்டம்மா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். கூடவே செய்தியும்: தொட்டியை மண் போட்டு மூட வளர்பிறையில் ஒரு நாள் பார்த்திருக்கிறாராம். எல்லாம் சரியாகிவிடும் என்கிறாராம். வீதியே என்னிடம் மெதுவாகப் பேசுகிறது.

எனக்கு ஒன்று புரியவில்லை. டாக்டர் விளக்கியபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்ததை, யாராலும் தடுத்திருக்க முடியாது என்பதை, என்னைவிட நன்றாகக் கேட்டுக்கொண்டவன். நான் அழும்போதெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னவன். அவன் எப்படி ஊருக்கு நடுவில் நின்று, எங்கள் தொட்டிதான் என்கிறான்?

பொங்கலில் முந்திரி நிறைய. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

மொட்டைமாடியில் வடகம். காக்கைக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஷிப்ட் முடிந்து நவநீதன் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வீதியைக் கடந்து, எதிர்ச் சைட்டின் வேலியோரம் போய் நின்றான். செருப்பைக் கழற்றியிருந்தான். வெயில் அப்படிக் கொதிக்கிறது, தார் இளகியிருக்கிறது. வெறுங்காலோடு நின்றான். பிறகு வேலியிலிருந்து ஒரு முள் கிளையை ஒடித்துத் தரையில், வெள்ளைக் கோட்டின் மேல் போட்டான். புதைத்த இடத்தை நாய் கிளறாமல் இருக்கப் போடுவார்களே, அதுபோல.

வடகம் ஒரு பக்கம் காய்ந்துவிட்டது. திருப்பிப் போட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

கிணற்று மேடு இல்லை, அரளிச் செடி இல்லை.

கேட்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஓவர்சீயர் முடிவைச் சொல்லிவிட்டார். பின் சந்தில் சாக்கடை போகிறது, பொக்லைன் நுழைய அகலமும் இல்லை. கோடு போட்டபடி முன்னால்தான், தெற்கு ஓரம்தான். வடக்கு ஓரமாவது மாற்ற முடியாதா என்று நவநீதன் கேட்டிருக்கிறான். அங்கே கரண்ட் கம்பங்கள் இருக்கின்றனவாம்.

நாளை கிழக்குக் கோடியில் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். எங்கள் வாசலுக்கு வெள்ளிக்கிழமை வரும் என்கிறார்கள். அவன் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சும்மா என்று அவனாகவே சொன்னான்.

மார்ச் 5, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

கிழக்கே பாறை இல்லை. வேலை ஓடிவிட்டது. காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பொக்லைன் எதிர்ச் சைட்டின் எல்லைக் கல்லுக்கு வந்துவிட்டது. நவநீதன் மில்லில்.

சோப்புக் கையோடு ஓடினேன். பொக்லைன் பக்கெட்டுக்கும் வேலிக்கும் நடுவில் போய் நின்றேன். தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர், விலகச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் நின்ற இடம் சரியா என்றே எனக்குத் தெரியவில்லை. முள் கிளையைக் காணோம். யாரோ ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். வேலி நீளம். முழு வேலிக்கும் ஒருத்தி குறுக்கே நிற்க முடியாது.

மில்லுக்குள் போன் கூடாது. இடுப்பில் செருகியிருந்த செல்லில் மில்லின் டைம் ஆபீசுக்குப் போட்டேன். ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறோம் என்று ரிசீவரை மேஜையில் வைத்தார்கள். அந்தப் பக்கம் ஸ்பிண்டில்களின் இரைச்சல், இந்தப் பக்கம் பொக்லைன். ஓவர்சீயர் வந்து, சைட் உங்களுடையதா, என்ன ஆட்சேபணை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய வாய் அசைவதை மட்டும் பார்த்தேன்.

பிறகு மூச்சிரைக்க அவன் குரல்.

"எங்கீங்க?" என்றேன்.

எது என்று அவன் கேட்கவில்லை. "வந்துட்டாங்களா?"

"எங்கேன்னு சொல்லுங்க."

"வேலில ஒரு கல்லுக்காலு சாஞ்சு நிக்குதில்ல. அதுக்கு நேரா, ரோட்டுப் பக்கமா. மூணு செங்கல்லு பதிச்சிருக்கேன். மண்ணு மூடியிருக்கும்."

சாய்ந்த கல் நான் நின்ற இடத்துக்கு மேற்கே இருந்தது. போய்க் குனிந்து கையால் மண்ணைத் தள்ளினேன். செங்கல்லின் ஒரு முனை தெரிந்தது. ஈரமாக, சிவப்பாக.

ஓட்டுநரைப் பார்த்து, "இங்க எம்பொண்ணு இருக்கறா" என்றேன்.

அந்தச் சொல்லை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ‘அது’ என்போம். ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் பெண் என்று மட்டும்தான் இருக்கிறது.

அவர் எஞ்சினை நிறுத்தினார். வீதி திடீரென்று வெறுமையானது. ராஜாமணி அக்காவின் மெஷினும் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஓட்டுநர் செருப்பைக் கேபினிலேயே விட்டு இறங்கி வந்து, செங்கல்லைப் பார்த்தார். தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சார், இந்த எடத்துல பக்கெட்டு எறக்க மாட்டேனுங்க."

கோடு நேராக இருக்க வேண்டும், பில் எழுதும்போது கேட்பார்கள் என்று ஓவர்சீயர் ஏதோ ஆரம்பித்தார்.

"கறுப்பு பைப்புதானுங் சார். வளஞ்சு குடுக்கும். ரோட்டுப் பக்கமாத் தள்ளி வாங்கிக்கலாம்."

ஓவர்சீயர் என் கையைப் பார்த்தார். சோப்பும் மண்ணும் கலந்து முழங்கை வரை வழிந்திருந்தது. "சரி, தள்ளி வாங்கு" என்றார். பிறகு எதற்கோ மெதுவாக, "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார்.

பள்ளம் அந்த இடத்தில் வில் மாதிரி விலகிப் போனது. முடியும் வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ராஜாமணி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நூல் ஒட்டிய புடவை.

"பிருந்தா, எனக்கும் ஒண்ணு. பல்லடத்துல, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாலன்னு ரொம்ப வருசங் கழிச்சுத்தான் சொன்னாங்க. இப்ப அந்த எடத்துல கல்யாண மண்டபம். சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போறப்பெல்லாம் எங்க கால வெக்கறதுன்னே தெரியாது கண்ணு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அல்லது அவள் என் கையை.

மார்ச் 6, வியாழன்

அவன் நேற்று மதியமே வந்துவிட்டான். சாப்பிட்டோம். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று சொன்னான். நான் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

அவள் பிறந்த அன்று சாயங்காலம் மழை. பக்கத்து ஊர் மயானத்துக்குத்தான் முதலில் போயிருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டார்களாம். லட்சுமி கார்டன் என்றிருக்கிறான். லேஅவுட்காரர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் விளம்பரப் பலகையில் பூங்கா இருந்தது, கடைகள் இருந்தன, பிள்ளையார் கோயிலும் இருந்தது. இதற்கு ஓர் இடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாங்கும்போது எங்களுக்கும்தான்.

காங்கேயத்துக்குப் போகலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். இவன் மாட்டேன் என்றிருக்கிறான்.

"அத்தன தூரத்துல தனியா எதுக்குன்னு தோணுச்சு. இங்கன்னா ஜன்னல்ல இருந்து தெரியும். உனக்குச் சொல்லோணும்னுதான் இருந்தேன். அப்பறம் வாய் வரல."

கூட்டத்தில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க?"

கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கூட்டத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தேன். இந்த விதமாக ஒருமுறைகூட இல்லை.

முன்னறைத் திரையைக் கழற்றினேன். இரண்டு வருடத் தூசி. வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. சாய்ந்த கல் தெரிகிறது. படுத்திருந்தாலே தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

அவன் லீவை ரத்து செய்யவில்லை. இருவரும் பகலில் தூங்கினோம்.

மார்ச் 14, வெள்ளி

பள்ளம் மூடியாகிவிட்டது. வீட்டு இணைப்புகள் கொடுக்கிறார்கள். புழுதி, கூட்டிய வாசலை மறுபடி கூட்ட வேண்டியிருக்கிறது.

பொங்கியண்ணன் வந்தார். கேட்டைத் தாண்டி, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நவநீதனும் அவரும் மோட்டார் பற்றிப் பேசினார்கள், வெயில் பற்றிப் பேசினார்கள். ஜன்னல் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. புறப்படும்போது வாசலில் நின்று, எங்கள் தொட்டி மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத மூட வேண்டாமுங்க தம்பி. நல்ல தொட்டி."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அவருடைய இணைப்பு முன்வாசலில் தொடங்கி வீட்டைச் சுற்றி ஈசானியத்துக்குப் போகிறது. "தண்ணி அவரு வீட்டப் பிரதட்சணம் பண்ணிட்டுத்தான் உள்ள போகோணும்" என்கிறாள் ராஜாமணி அக்கா.

மார்ச் 21, வெள்ளி

ஓவர்சீயர் ஒரு கல்லோடு வந்தார். முழங்கால் உயரம், மஞ்சள் பெயின்ட், ‘குடிநீர்க் குழாய். தோண்டாதீர்’ என்று கறுப்பு எழுத்து. லைன் வளைகிற இடத்தில் கல் வைப்பது வழக்கம் என்றார். வீதிக் கோடியில் லைன் திரும்புகிற இடத்தில் கல் எதுவும் இல்லை. நான் அதைக் கேட்கவில்லை.

அன்றைய பொக்லைன்காரரும் கூட வந்திருந்தார். அவருக்கு இன்று இங்கே வேலையில்லை. மூன்று செங்கல்லுக்கும் குழாய்க்கும் நடுவில் கடப்பாரையால் அவரே குழி எடுத்தார். சிறிது சிறிதாக, மண்ணைக் கையால் அள்ளிப் போட்டு. கல்லை நிறுத்தி, அடியில் சிமென்ட் போட்டார்கள்.

"காலைலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்துங்க மேடம். வெயிலு அதிகம், வெடிச்சுரும். ஒரு வாரம் ஊத்தினாப் போதும்" என்றார் ஓவர்சீயர்.

காலை நான். சாயங்காலம் அவன். போர் தண்ணீர்தான் இப்போதைக்கு.

மார்ச் 24, திங்கள்

தண்ணீர் வந்தது. முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவாக. வீதி முழுக்கக் குடங்களின் சத்தம். ராஜாமணி அக்கா உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, சண்டைக்கு இனி வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றாள். பொங்கியண்ணன் வீட்டில் மட்டும் நூலாக வந்தது. அவர் ஈசானியத்தில் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

பருப்பு போட்டேன். வெந்தது.

மார்ச் 27, வியாழன்

அம்மா போன் செய்தாள். இடம் தெரியும் என்றேன். "சுத்தி வருதா?" என்று கேட்டாள். இல்லை, நான்தான் அங்கே போய்வருகிறேன் என்றேன். "வெயில்ல போகாத" என்றாள்.

மார்ச் 31, திங்கள்

காலையில் ஓவர்சீயர் அந்தப் பக்கமாக வந்தவர் கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார். சிமென்ட் நன்றாகப் பிடித்துவிட்டது, இனி தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நவநீதன் வரத் தாமதமானது. முன்வாசல் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தேன்.